கடலுக்குள் இறங்க ஆசைப்படும் பிள்ளைகள்

“அம்மா, நான் ஸ்கூபா டைவிங் கத்துக்கட்டுமா?” என்று உங்கள் பெண்ணோ பிள்ளையோ கேட்டால் என்ன சொல்வீர்கள், சகோதரிகளே? “போய்ப் படிக்கிற வேலையைப் பாரு” என்று முடித்துவிடத்தான் தோன்றும். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் குடியிருக்கிற நமக்குக் கண்டெய்னர் லாரியும் கம்பெனி பஸ்ஸும்தான் தினசரிக் காட்சி. கடல் என்பது எப்போதாவது மகாபலிபுரம் போனால் காலை நனைத்துவிட்டு வருகிற இடம். ஆனாலும் இந்தக் காலத்துப் பிள்ளைகள் கேட்கத்தான் செய்கிறார்கள். கேட்கும்போது சரியான பதில் சொல்ல நமக்கும் கொஞ்சம் விஷயம் தெரிந்திருக்க வேண்டாமா?

சென்னையைச் சேர்ந்த தாரகை ஆராதனா என்ற சிறுமியைப் பற்றி 2022-ல் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். தகப்பனார் அரவிந்த் தருண்ஸ்ரீ ஸ்கூபா பயிற்சியாளர். அவரோடு கடலுக்குள் இறங்கி, 8 வயதுக்குள் சுமார் 600 கிலோ பிளாஸ்டிக் குப்பையை அந்தக் குழந்தை வெளியே கொண்டுவந்திருக்கிறாள் என்று செய்தி வந்தது. கடலைக் காப்பாற்ற வேண்டும் என்று பாடப் புத்தகத்தில் பத்துப் பக்கம் படிப்பதும், மீன் நீந்துகிற இடத்தில் பால் கவர் மிதப்பதைக் கண்ணால் பார்ப்பதும் ஒன்றாகுமா?

சரி, ஸ்கூபா என்றால் என்ன? முதுகில் ஒரு சிலிண்டரைக் கட்டிக்கொண்டு, அதிலிருந்து வாய் வழியாக மூச்சு விட்டபடி நீருக்குள் நீந்துவது. அந்த சிலிண்டரில் இருப்பது ஆக்ஸிஜன் என்றுதான் பலரும் நினைக்கிறோம். சாதாரணமாக அதில் இருப்பது நாம் சுவாசிக்கிற அதே காற்றுதான். அழுத்தி அடைத்திருக்கிறார்கள், அவ்வளவே.

பயிற்சியில் முதல் பாடம், மூச்சை அடக்கக் கூடாது என்பது. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் தரையில் இருப்பதைப் போல் இரண்டு மடங்கு. அங்கே நுரையீரல் நிறையக் காற்றை இழுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே வந்தால், அந்தக் காற்று இரண்டு மடங்காக விரியும். ஊதிய பலூனை மேலும் மேலும் ஊதினால் என்ன ஆகும்? அதே கதிதான் நுரையீரலுக்கும்.

இரண்டாவது பாடம், தனியாக இறங்கக் கூடாது. நம் தூத்துக்குடி முத்துக்குளிப்பில், மேலே படகில் கயிற்றைப் பிடிப்பவன் மச்சானாகத்தான் இருப்பான் என்று சொல்வார்கள். அக்காள் தங்கை தாலி அவன் கையில் அல்லவா இருக்கிறது! அந்தப் பொறுப்பு இங்கே கூட நீந்துகிற ஜோடிக்கு.

மூன்றாவது, எதையும் தொடக் கூடாது. பவழம் கல் அல்ல, உயிருள்ள பிராணி. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சேர்த்து 1986-ல் கடல்வாழ் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். அவற்றில் இரண்டு தீவுகள் நீருக்குள் முழுகிவிட்டன. பவழப் பாறைகளைக் காலங்காலமாக வெட்டி எடுத்ததை அதற்கு முக்கிய காரணமாகச் சொல்கிறார்கள்.

“இதெல்லாம் இருக்கட்டும், பிள்ளையை அனுப்பலாமா, கூடாதா?” என்கிறீர்களா? உலகெங்கும் பயிற்சி தருகிற ‘பாடி’ போன்ற அமைப்புகளின் விதிப்படி, 8 வயதில் நீச்சல் குளத்தில் மட்டும், 2 மீட்டர் ஆழத்துக்குள் பழகலாம். கடலில் இறங்கும் பயிற்சிக்கு 10 வயது ஆக வேண்டும். 200 மீட்டர் நீந்தவும், 10 நிமிஷம் மிதக்கவும் தெரிய வேண்டும். ஆகவே முதலில் நீச்சல், அப்புறம்தான் மற்றதெல்லாம்.

அதைவிட முக்கியம் டாக்டர் பரிசோதனை. ஆஸ்துமா, வலிப்பு, இருதயக் கோளாறு, காதில் சீழ் வந்த சரித்திரம் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். நீருக்குள் இறங்க இறங்கக் காது அடைக்கும். மூக்கைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஊதி அந்த அடைப்பை விடுவிக்க வேண்டும். ஜலதோஷம் இருக்கும்போது இது நடக்காது. ஆகையால், பணம் கட்டியாகிவிட்டதே என்று சளியோடு இறக்கவே கூடாது. சொல்லிக் கொடுப்பவரிடம் பயிற்சியாளர் சான்றிதழைக் காட்டச் சொல்லவும் கூச்சப்பட வேண்டாம்.

என் சின்ன மகளுக்கு 13 வயது. சிறு குழந்தையாக இருந்தபோது அடிக்கடி காதில் சீழ் வடியும். இந்த ஆசை வந்ததும் காது டாக்டரிடம் அழைத்துப் போனேன். காது ஜவ்வில் இன்னும் சிறு ஓட்டை இருக்கிறது, அது சரியாகும்வரை டைவிங் பேச்சே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பஸ்ஸில் வீடு வருகிற வரை ஜன்னல் பக்கம் திரும்பி அழுதாள். “எனக்கு மட்டும் ஏம்மா இப்படி?” என்றாள். என்னத்தைச் சொல்ல? பெற்ற மனம் தவித்தது.

பிறகு என் தம்பிதான் ஒரு வழி சொன்னான். சென்னையில் மாணவர்கள் கடலாமைப் பாதுகாப்புக் குழு என்று ஒன்று 1988 முதல் இருக்கிறது. முட்டையிடும் காலத்தில் ராத்திரி வேளையில் நீலாங்கரை, பெசன்ட் நகர் கரையோரம் நடந்து, பங்குனி ஆமை இட்ட முட்டைகளை எடுத்துப் பத்திரமான இடத்தில் புதைத்துப் பொரிக்க வைக்கிறார்கள். பொதுஜனங்களும் கூடப் போகலாம். நானும் என் வீட்டுக்காரரும் அவளை அழைத்துப் போனோம். பந்து போல நூற்றுக்கும் மேற்பட்ட முட்டைகள்! அதே கரையில் செத்துக் கிடந்த ஒரு பெரிய ஆமையையும் பார்த்தோம். ஆமைக்கும் நம்மைப் போல நுரையீரல்தான். மேலே வந்து மூச்சு விட்டாக வேண்டும். இழுவை வலையில் சிக்கினால் மூச்சு முட்டிச் சாகும். 2025 ஜனவரியில் சென்னைப் பக்கம் நூற்றுக்கணக்கில் இப்படி ஒதுங்கின. “அதுக்கும் மூச்சை அடக்க முடியலையேம்மா” என்றாள் மகள். டைவிங்கின் முதல் பாடத்தை அவள் கரையிலேயே படித்துவிட்டாள்.

கடல் நமக்குத் தூரம் என்பதும் வெறும் நினைப்புத்தான். ஸ்ரீபெரும்புதூர் ஏரி நிரம்பினால் உபரி நீர் செம்பரம்பாக்கத்துக்கு. செம்பரம்பாக்கம் திறந்தால் அடையாற்றுக்கு. அடையாறு போய் விழுவது பெசன்ட் நகர் பக்கத்துக் கடலில். நம் தெருக் கால்வாயில் விழுந்த ஷாம்பு பாக்கெட்டுக்கு வழி சொல்லவா வேண்டும்? மிதக்கிற பிளாஸ்டிக் பையைச் சொறிமீன் என்று நினைத்து ஆமை விழுங்கிவிடும்.

ஆகையால் சகோதரிகளே, டைவிங்குக்கு வசதியோ உடம்போ இடம் கொடுக்காவிட்டாலும் கவலை வேண்டாம். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிள்ளைகளோடு வாசல் கால்வாயைப் பாருங்கள். கவர், பாட்டில், குழந்தைக்குக் கட்டும் டயபர் எதுவும் அதில் போகாமல் தடுத்துப் பிரித்துக் கட்டி, குப்பை வண்டியில் போடுங்கள். கைக்கு உறை மாட்டிக்கொள்ள மறக்க வேண்டாம்.