போர் விமானப் புகைக்கும் கணக்கு வேண்டும்

பிரயாணிகளை ஏற்றிச் செல்லும் பெரிய ஜெட் விமானத்தின் எஞ்சின் ரகம் ஒவ்வொன்றும், தான் வெளியேற்றும் கார்பன் மோனாக்ஸைடு, எரியாமல் தப்பிய ஹைட்ரோகார்பன், நைட்ரஜன் ஆக்ஸைடு, கரிப்புகை ஆகியவற்றின் அளவைச் சோதனைக் கூடத்தில் நிரூபித்துக் காட்டிய பிறகே அங்கீகாரம் பெற வேண்டும் என்று, சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து ஸ்தாபனம் 1981-இலேயே விதி வகுத்தது. ஆனால் அந்த ஸ்தாபனத்துக்கு ஆதாரமான 1944-ஆம் வருஷத்துச் சிகாகோ ஒப்பந்தம் தன் மூன்றாவது ஷரத்திலேயே ராணுவ விமானங்களை விலக்கி வைத்திருப்பதால், அதே ஆகாயத்தில் பறக்கும் போர் விமானத்தை இந்த விதி தீண்டுவதில்லை. இந்த விலக்கு இனியும் நீடிப்பது நியாயமன்று.

போர் விமானத்தின் புகையை அளப்பது சிரமமான காரியம் என்பது மெய்யே. எஞ்சின் மந்தமாக ஓடும்போது கார்பன் மோனாக்ஸைடும் ஹைட்ரோகார்பனும் மிகுதி. முழு வேகத்தில் நைட்ரஜன் ஆக்ஸைடு மிகுதி. ஆகவே ஒவ்வொரு நிலையிலும் தனித்தனியே அளந்தாக வேண்டும். அதற்குமேல், உந்துவிசையைப் பெருக்குவதற்காக, வெளியேறும் உஷ்ண வாயுவிலேயே மறுபடியும் எரிபொருளைத் தூவி எரிக்கும் ‘ஆஃப்டர்பர்னர்’ என்ற சாதனம் போர் விமானங்களுக்கே பெரும்பாலும் உரியது. வாயு மாதிரியை எடுப்பதற்காக அதன் ஜுவாலையில் நிற்கும் உறிஞ்சு குழாயைத் தண்ணீரால் குளிர்வித்துக் காக்க வேண்டியிருப்பதோடு, வாயு வெளியே வந்த பின்னும் எரிதல் தொடர்வதால், எந்த இடத்தில் மாதிரி எடுப்பது என்பதே ஒரு பிரச்னையாகிறது. ஆயினும், சிரமமான அளவை வேறு, அசாத்தியமான அளவை வேறு.

ராணுவ ரகசியம் வெளிப்பட்டுவிடும் என்ற ஆட்சேபமும் ஆராயத்தக்கதே. ஆனால் ஒரு கிலோ எரிபொருளுக்கு இத்தனை கிராம் மாசு என்று வெளியிடுவதால், விமானத்தின் வேகமோ தூரமோ பகைவனுக்குத் தெரிந்துவிடப் போவதில்லை. உண்மையில், புகையைக் குறைப்பது ராணுவத்துக்கே அனுகூலமானது. வியட்நாம் யுத்தத்தில் அமெரிக்க ஃபாண்டம் விமானங்களின் கரும்புகை அவற்றை வெகுதூரத்திலிருந்தே காட்டிக் கொடுத்ததனால்தான், புகை குறைந்த எரியறைகளை அந்த எஞ்சின்களுக்கு அமைக்க நேர்ந்தது.

சட்டமும் இதற்கு வழிகாட்டியிருக்கிறது. அமெரிக்கக் கடற்படை தன் ஜெட் எஞ்சின்களை ஓட்டிப் பார்க்கும் சோதனைக் கூடங்களின் புகை, மாநில விதிகளுக்கு உட்பட்டதே என்று கலிஃபோர்னியா மாநிலம் தொடுத்த வழக்கில், அமெரிக்காவின் ஒன்பதாவது வட்டார அப்பீல் நீதிமன்றம் 1980-இல் மாநிலத்தின் பக்கமே தீர்ப்பளித்தது.

ஒரு கிலோ ஜெட் எரிபொருள் எரிந்தால் ஏறத்தாழ 3.16 கிலோ கரியமில வாயு உண்டாகிறது. எரிப்பவர் எந்தச் சீருடை அணிந்திருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. எஞ்சினின் அருகே நின்று பணிபுரியும் தரைப்பணிச் சிப்பந்திகளும், தளத்தைச் சுற்றி வாழும் குடும்பங்களும் சுவாசிப்பதும் அந்தப் புகையையே. ஆகையால் ஒவ்வொரு தேசத்து அரசாங்கமும் தன் போர் விமான எஞ்சின்களைச் சுயேச்சையான நிபுணர்களைக் கொண்டு அளந்து, எரிபொருள் வீதத்திலான மாசுக் கணக்கை மக்கள் முன் வைக்க வேண்டும். பிரஜைகளைக் காப்பதற்கென்றே ஏற்பட்ட சேனை, அவர்கள் சுவாசிக்கும் காற்றுக்குக் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டதாகும்.