வழியனுப்புவோம், வாசலை அடைக்காமல்

குருமடத்துக்குப் போகும் பிள்ளைக்கு விழா எடுத்து அனுப்புவது எங்கள் திருவண்ணாமலைப் பங்கின் வழக்கம். இந்த முறை போனவர், பங்கு அலுவலகத்தில் கணக்கும் பதிவேடும் பார்த்துக்கொண்டிருந்த தம்பி. என்னிடம் மறைக்கல்வி படித்தவர். ஞாயிறு பூசை முடிந்ததும் மாலை, பொன்னாடை, அன்பியங்கள் சார்பில் அன்பளிப்புக் கவர், எல்லாருக்கும் பிரியாணி. மைக் பிடித்தவர்களில் பெரும்பாலோர் சொன்னது ஒன்றுதான்: "அடுத்து உங்களை இந்தப் பீடத்துல சாமியாராத்தான் பார்க்கணும்."

அவர் செய்த வேலையைப் பற்றி யாரும் பேசவில்லை. கல்யாண ஓலை வாசிக்க நாள் குறிப்பார். எந்தக் காலத்திலோ வாங்கிய ஞானஸ்நானத்துக்குச் சான்றிதழ் கேட்டு வெளியூரிலிருந்து வருகிறவருக்காக, தூசி படிந்த பதிவேடுகளைச் சலிக்காமல் புரட்டுவார். நடுராத்திரியில் சாவு வீட்டார் கூப்பிட்டாலும் கல்லறைத் தோட்டத்துச் சாவியோடு வந்து நிற்பார். கார்த்திகை தீபத்தன்று ஊருக்குள் வண்டி விடமாட்டார்கள். அன்று யாருக்காவது நோயில்பூசுதல் தேவைப்பட்டால், எந்தச் சந்து வழியாக ஃபாதரைக் கூட்டிப்போகலாம் என்பது அவருக்குத்தான் தெரியும். இதற்கெல்லாம் நன்றி சொல்லத்தான் அந்த மேடை. சத்தியம் வாங்க அல்ல.

கை கழுவும் இடத்தில் அவருடைய அம்மா என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "ஊரெல்லாம் சொல்லியாச்சு டீச்சர். நாளைக்கு இவன் வேண்டாம்னு திரும்பி வந்தா, யார் முகத்துல முழிக்கிறது?"

இந்தப் பயத்தை அந்தத் தாய்க்குக் கொடுத்தது நாம்தான்.

பங்கின் ஆசை எனக்குப் புரியாமல் இல்லை. பக்கத்துச் சேத்துப்பட்டில் பணியாற்றிய தாராஸ் சாமியார் பிரெஞ்சுக்காரர். அவரை அனுப்பிய பாரிஸ் சபை 17ஆம் நூற்றாண்டில் தொடங்கப்பட்டதே, அந்தந்த நாட்டு மக்களிலிருந்தே குருக்களை உருவாக்கத்தான். கடல் கடந்து வந்தவர்கள் கண்ட கனவு, நம் தெருப் பிள்ளை மூலம் நிறைவேறுவதில் பெருமை இருக்கத்தான் செய்யும். ஆனால் திருச்சபையே இதில் அவசரப்படுவதில்லை. மெய்யியலுக்கும் இறையியலுக்கும் மட்டுமே ஆறு ஆண்டுகள். தொடக்கப் பயிற்சியும் களப்பணியும் சேர்ந்தால் இன்னும் நீளும். பொதுவிதிப்படி 25 வயது நிறையாமல் குருப்பட்டம் கிடையாது. இது தனக்கான வழிதானா என்று அந்தப் பிள்ளை தன்னையே கேட்டுப் பார்ப்பதற்கும் சேர்த்துத்தான் இத்தனை ஆண்டுகள். எந்தக் காரணத்துக்காகவும், எந்த விதத்திலும் ஒருவரைப் பட்டம் பெறக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 1026ஆம் விதி சொல்கிறது. பிரியாணி போட்டுக் கட்டாயப்படுத்துவதும் கட்டாயம்தான்.

குருமடத்திலிருந்து திரும்பிய சிலரை எனக்குத் தெரியும். ஒருவர் அருமையான ஆசிரியர். இன்றும் சொந்தப் பங்கில் பூசைக்கு வரக் கூச்சப்பட்டு, பஸ் ஏறி வேறு ஊருக்குப் போகிறார். அவருக்குப் பெண் பார்த்தபோது, "மடத்தை விட்டு ஓடிவந்த பையனா?" என்று கேட்டார்கள். அவர் எங்கும் ஓடவில்லை. யோசித்து, ஜெபித்து, இது தன் வழி அல்ல என்று நேர்மையாகச் சொல்லிவிட்டு வந்தார். மனமில்லாமல் பட்டம் வாங்கி, ஆயுளுக்கும் வெந்துகொண்டிருப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

வீட்டை விட்டு வந்தவர்களை நம் ஊருக்குப் புதிதாக அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 1896இல், 16 வயதில், அண்ணனின் கல்லூரிக் கட்டணத்துக்கான ஐந்து ரூபாயில் மூன்றை எடுத்துக்கொண்டு, ஒரு கடிதத்தை வைத்துவிட்டு மதுரையிலிருந்து இங்கே வந்தார் வேங்கடராமன். அவரைத்தான் உலகம் ரமணர் என்கிறது. அவரை வழியனுப்ப யாரும் இல்லை. 1898இல் தாய் அழகம்மாள், அவர் தங்கியிருந்த பவழக்குன்றுக்கே வந்து அழுது கூப்பிட்டார். மகன் போகவில்லை. ஊர் என்ன சொல்லுமோ என்பதற்காக அல்ல, அவருடைய உள்ளம் இங்கே நிலைத்துவிட்டதால். ஒரு துறவு நிலைக்க அந்த உறுதி போதும். பொன்னாடையால் அதைத் தர முடியாது.

பங்கு மக்களிடம் என் வேண்டுகோள் இதுதான். தம்பி விடுமுறைக்கு வரும்போது, "எப்போ பட்டம்?" என்று கேட்காதீர்கள். சாப்பாடு எப்படி, படிப்பு எப்படி, மனசு எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். ஒருநாள் பெட்டியோடு திரும்பி வந்தால் காரணம் கேட்டுத் துருவாமல், அடுத்த ஞாயிறே ஒரு மறைக்கல்வி வகுப்பை அவர் கையில் கொடுங்கள். பங்குப் பேரவையிலிருந்து இரண்டு பேராவது இந்த வாரமே அந்தத் தாயின் வீட்டுக்குப் போய், அவர் மகன் பட்டம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் நம் பிள்ளைதான் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.