காவல்காரனுக்குக் காவல் குடலில்!

கறிக்கோழியின் பண்ணைக் கொள்முதல் விலை பல்லடத்தில் இருந்து அறிவிக்கப்படுகிறது. எங்கோ ஒரு ஊரில் அரைக் கிலோ சிக்கன் வாங்குபவரின் பர்ஸையும் அந்த விலை தொடும். அப்படிப்பட்ட ஊரில் கோழிப்பண்ணை வைத்திருப்பவருக்குக் குடல் ஆரோக்கியம் பற்றி யாரும் பாடம் நடத்தத் தேவையில்லை. எச்சம் தண்ணீராகப் போனாலே அவருக்குத் தூக்கம் போய்விடும். தீவனம் மாறியதா, தண்ணீர்த் தொட்டி கெட்டதா, தரையில் விரித்த தேங்காய்நார்த் தூள் ஈரமானதா என்று உடனே தேடுவார். குடல் கெட்டால் எடை ஏறாது, அடுத்து நோய் நுழையும் என்பது அவருக்கு அத்துப்படி.

அதே பண்ணையின் கேட்டில் ஒரு நாய் கட்டியிருக்கும். அதன் தட்டில் என்ன விழுகிறது என்று கேட்டால், ‘‘மீந்ததுதான்’’ என்று பதில் வரும். தறிக்குடோன் நாய் என்றால் டீக்கடை பன்னும் பிஸ்கட்டும். வீட்டு நாய் என்றால் காலையில் பால், ராத்திரி குழம்புச் சோறு. இப்படியே வளர்த்துவிட்டு, ‘‘டாக்டர், இதுக்கு எதிர்ப்பு சக்தி கூட என்ன டானிக் கொடுக்கலாம்?’’ என்று கேட்கிறோம்.

டானிக் பாட்டிலைத் தேடும் முன் தட்டைப் பார்ப்போம். கோழிக்குக் காட்டும் அக்கறையில் பாதியை நாயின் குடலுக்குக் காட்டினாலே பல பிரச்னைகள் வாசலோடு நின்றுவிடும்.

குடலுக்குள் ஒரு காவல் நிலையம்

நோய் எதிர்ப்பு சக்தி ரத்தத்தில் இருக்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறோம். உண்மையில் எதிர்ப்பு செல்களின் மிகப் பெரிய கூட்டம் குடல் சுவரில்தான் முகாமிட்டிருக்கிறது. சிறுகுடலில் ஆங்காங்கே திட்டுத் திட்டாக இருக்கும் இந்த முகாம்களை, 1677-லேயே ஸ்விட்சர்லாந்தைச் சேர்ந்த ஜோஹன் கான்ராட் பேயர் விவரித்தார். அவர் பெயரிலேயே இன்றும் ‘பேயர் திட்டுகள்’ என்கிறார்கள். உடலுக்குள் அந்நியப் பொருள் அதிகம் நுழையும் வழி வாய்தானே! அதனால் காவலும் அங்கேதான் அதிகம்.

இந்தக் காவலுக்குத் துணையாகக் குடலில் கோடிக்கணக்கான நல்ல பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. அவை இடத்தை அடைத்துக்கொள்வதால் கெட்ட கிருமிகளுக்கு உட்கார இடம் கிடைப்பதில்லை. நாய் சாப்பிடும் நார்ச்சத்தை அவை நொதிக்கவைத்து, பியூட்டிரேட் போன்ற சில அமிலங்களைத் தயாரிக்கின்றன. பெருங்குடலின் உள்சுவர் செல்களுக்கு அதுதான் சாப்பாடு. சுவர் உறுதியாக இருந்தால் கிருமி ரத்தத்துக்குள் கசியாது.

இன்னொரு முக்கியமான விஷயம். எதிர்ப்பு சக்தி ‘கூடினால்’ மட்டும் போதாது, அதற்கு நிதானமும் தெரிய வேண்டும். வருகிறவர் போகிறவர் எல்லோரையும் கடிக்கிற நாயை நல்ல காவல் நாய் என்று சொல்வோமா? வீட்டு ஆள் யார், திருடன் யார் என்று தெரிந்திருக்க வேண்டும். குடலில் உள்ள நல்ல பாக்டீரியாக்கள்தான் குட்டிப் பருவத்திலிருந்தே இந்த அடையாளத்தை எதிர்ப்பு செல்களுக்குப் பழக்குகின்றன. அந்தப் பழக்கம் தப்பினால், சாதாரண உணவைக்கூட எதிரியாக நினைத்து ஒவ்வாமையும் ஓயாத வயிற்றுப்போக்கும் வரலாம்.

முதல் நாள், முதல் நான்கு மாதம்

குட்டி பிறந்த முதல் நாளில் குடிக்கும் சீம்பால்தான் அதன் முதல் கவசம். தாயின் எதிர்ப்புப் புரதங்கள் குட்டியின் குடல் வழியாக அப்படியே ரத்தத்துக்குள் போகும். ஏறக்குறைய 24 மணி நேரத்தில் அந்தக் கதவு மூடிக்கொள்ளும். அதனால் குட்டிகள் எல்லாம் முதல் நாளே மடியில் வாய் வைத்தனவா என்று பார்ப்பது ரொம்ப முக்கியம். கண்கூட திறக்காத குட்டியைத் தாயிடமிருந்து பிரித்து எடுத்துவருவது, அதன் உயிரோடு விளையாடுவது.

தாய் கொடுத்த அந்தக் கவசம் சில வாரங்களில் கரைந்துவிடும். அந்த இடைவெளியில்தான் ‘பார்வோ’ நுழைகிறது. 1978-ல் உலகம் அடையாளம் கண்ட இந்த வைரஸ், குடலின் உள்சுவரில் புது செல்கள் முளைக்கும் இடத்தையே தாக்குகிறது. கூடவே எலும்பு மஜ்ஜையையும் தாக்கி வெள்ளை அணுக்களைக் குறைக்கிறது. அதாவது, மதிலையும் இடித்து, காவலாளியையும் வீழ்த்துகிறது. வாந்தி, நாற்றமடிக்கும் ரத்தபேதி, சுருண்டு படுத்தல்... ஓரிரு நாளில் குட்டி கையை விட்டுப் போய்விடலாம்.

‘‘நாட்டு நாய்க்கு இதெல்லாம் வராதுங்க’’ என்று நம்புபவர்கள் நம் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். ராஜபாளையமோ, சிப்பிப்பாறையோ, கோம்பையோ, தெருவில் எடுத்த குட்டியோ, பார்வோ ஜாதி பார்ப்பதில்லை. ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் தடுப்பூசி, பிறகு 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை, கடைசி டோஸ் 16 வாரம் நிறைந்த பிறகு. ஒரே ஊசியோடு நிறுத்திவிட்டு ‘போட்டாச்சு’ என்று இருப்பதுதான் பல வீடுகளில் நடக்கும் தவறு. தாயின் கவசம் மிச்சமிருக்கும்போது போடும் ஊசி, சில குட்டிகளுக்கு வேலை செய்யாது. அதனால்தான் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள்.

கடைக் கழிவும் செத்த கோழியும்

பல்லடம் பக்கம் நாய்க்குக் கறி கிடைப்பது கஷ்டமே இல்லை. கோழிக்கடையில் தலை, கால், தோல், குடல் எல்லாம் பையில் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். அதை அப்படியே பச்சையாகப் போடுவதில்தான் சிக்கல். பச்சைக் கோழியில், குறிப்பாகக் குடலில், சால்மோனெல்லா, கேம்பைலோபாக்டர் போன்ற கிருமிகள் இருக்கலாம். நாய் சாப்பிட்டுவிட்டு நன்றாகவே நடமாடும். ஆனால், அதன் கழிவில் கிருமி வெளியேறிக்கொண்டிருக்கும். வாசலில் விளையாடும் குழந்தைக்கும், வீட்டில் இருக்கும் பெரியவருக்கும் அது ஆபத்து.

பண்ணையில் செத்த கோழியை நாய்க்கு வீசுவது இன்னும் மோசம். அழுகிய கோழியில் உருவாகும் நச்சால் நாய்க்கு ‘பொட்டுலிசம்’ வரலாம். பின்னங்கால் தள்ளாட ஆரம்பித்து, உடல் முழுக்கச் செயலிழந்துபோகும். செத்த கோழி குழிக்குத்தான் போக வேண்டும், அதையும் நாய் தோண்ட முடியாத ஆழத்தில் புதைக்க வேண்டும்.

கழிவே வேண்டாம் என்று சொல்லவில்லை. குடலைத் தவிர்த்துவிட்டு, தோலையும் கொழுப்பையும் முடிந்தவரை நீக்கி, கழுத்து, ஈரல், இரைப்பை, ஒட்டுக்கறி ஆகியவற்றை நன்றாக வேகவைத்து, எலும்பை எடுத்துவிட்டுக் கொடுங்கள். வெந்த எலும்பு கூராக உடைந்து குடலைக் கிழிக்கும். ஈரல் தினமும் வேண்டாம், அளவோடு போதும். பிரியாணி மிச்சம் வேண்டவே வேண்டாம். அதில் உள்ள வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பு அணுக்களை உடைக்கும்.

சோறு போட்டால் தப்பா?

‘நாய் ஓநாயின் வம்சம், அதற்குக் கறி மட்டும்தான்’ என்று வீடியோக்களில் சொல்வார்கள். 2013-ல் வந்த மரபணு ஆய்வு வேறு கதை சொன்னது. மாவுச்சத்தைச் செரிக்கும் நொதிக்கான மரபணு ஓநாயிடம் இரண்டு பிரதிகள்தான். பெரும்பாலான நாய்களிடமோ பல மடங்கு அதிகம். மனிதனோடு சேர்ந்து வாழ்ந்து, அவன் தானியத்துக்கே பழகிவிட்ட உயிர் அது.

அதனால் குழைய வெந்த சோறு, கம்பு, ராகிக்களி எல்லாம் நாய்க்கு ஆகும். ஆனால், அவை மட்டும் போதாது. முட்டை, கோழி, மீன் என்று ஏதாவது ஒரு புரதம் தினமும் வேண்டும். நார்ச்சத்துக்கு நம்ம ஊர் அரசாணிக்காய் அருமையான பொருள். தோல், விதை நீக்கி, உப்பு போடாமல் வேகவைத்து மசித்து, சின்ன நாய்க்கு ஒரு ஸ்பூன், பெரிய நாய்க்கு இரண்டு மூன்று ஸ்பூன் சோற்றில் பிசைந்து கொடுங்கள். கேரட், பீன்ஸும் இப்படியே கொடுக்கலாம்.

தயிர்? தாராளமாக, ஆனால் அளவாக. வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குப் பாலில் உள்ள லாக்டோஸ் செரிக்காது. தயிரில் அது குறைவு. 10 கிலோ நாய்க்கு ஒன்றிரண்டு ஸ்பூன், உப்பு சர்க்கரை இல்லாமல். தயிரில் உள்ள பாக்டீரியாக்கள் குடலில் நிரந்தரமாகக் குடியேறுவதில்லை. வந்து, உதவி செய்துவிட்டுப் போகும் விருந்தாளிகள்தான். நோய்க்கு மருந்தாகப் புரோபயாடிக் தேவைப்பட்டால், நாய்களுக்கென்றே தயாரித்ததை மருத்துவர் சொல்லும் அளவில் கொடுப்பதே சரி.

மெடிக்கல் ஷாப் மாத்திரை

நாய்க்கு ஒருநாள் வயிறு போனதும், நமக்கு வாங்கி வைத்திருந்த மாத்திரையில் பாதியை உடைத்துப் போடுவது பல வீடுகளில் நடக்கிறது. வயிற்றுப்போக்குக்கு அதிகம் பயன்படும் மெட்ரோனிடசோலை, ஆரோக்கியமான நாய்களுக்கு இரண்டு வாரம் கொடுத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2020-ல் வெளியானது. மருந்தை நிறுத்தி நான்கு வாரம் ஆன பிறகும், சில நாய்களின் குடல் பாக்டீரியாக்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. தேவைப்படும்போது அந்த மருந்து உயிர் காக்கும். தேவையில்லாதபோது அதுவே நல்ல பாக்டீரியாக்களையும் துரத்திவிடும்.

கோழிக்காரர்களுக்கு இது புதிதல்ல. மனிதர்களுக்குக் கடைசி ஆயுதமாக வைத்திருக்கும் கொலிஸ்டினைக் கோழி, கால்நடைத் தீவனங்களில் பயன்படுத்த 2019 ஜூலையில் மத்திய அரசு தடை விதித்தது. ஆன்டிபயாடிக்கைக் கண்டபடி கொடுத்தால் மருந்துக்கு அடங்காத கிருமிகள் வளரும் என்பதுதான் காரணம். பண்ணைக்குப் பொருந்தும் நியாயம் நாய்க்கும் பொருந்தும்.

குடல் பாக்டீரியாக்களுக்கு எவ்வளவு பலம் என்பதற்கு இன்னோர் உதாரணம். பார்வோ தாக்கிய 66 குட்டிகளை வைத்து பிரேசிலில் செய்த ஆய்வு 2018-ல் வெளிவந்தது. வழக்கமான சிகிச்சையோடு, ஆரோக்கியமான நாயின் மலத்திலிருந்து எடுத்த பாக்டீரியாக்களையும் பெற்ற குட்டிகளுக்கு வயிற்றுப்போக்கு சீக்கிரம் நின்றது. உயிர் பிழைத்தவை ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களும் குறைந்தன. இது மருத்துவர் கையில் நடக்க வேண்டிய சிகிச்சை, வீட்டில் முயற்சி செய்வதற்கல்ல!

வீட்டில் செய்ய வேண்டியவை

* உணவை ஒரே நாளில் மாற்றாதீர்கள். பழையதில் புதியதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து ஒரு வாரத்தில் மாற்றுங்கள்.

* குட்டிக்கு இரண்டாவது வாரத்திலிருந்தே பூச்சி மருந்து தேவை. கொக்கிப்புழு தாய்ப்பால் வழியாகவும், உருண்டைப்புழு கருவிலேயேயும் வந்துவிடும். இரண்டு மாதம் வரை 2 வாரத்துக்கு ஒருமுறை, ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறை, பிறகு 3 மாதத்துக்கு ஒருமுறை. அளவு எடையைப் பொறுத்தது, மருத்துவரிடம் கேளுங்கள்.

* தண்ணீர்ப் பாத்திரத்தைத் தினமும் தேய்த்துக் கழுவுங்கள். மேலே மட்டும் ஊற்றி நிரப்பாதீர்கள்.

* கழிவைத் தினமும் கவனியுங்கள். உருண்டு திரண்டு, எடுக்கும்போது தரையில் ஒட்டாமல் வந்தால் குடல் நலம். சளி, ரத்தம், தொடர்ந்து தண்ணீர் என்றால் பிரச்னை.

* பார்வோ வந்த இடத்தில் அந்த வைரஸ் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஃபினாயிலை நம்பாதீர்கள். கழுவித் துடைத்த பிறகு, வீட்டு ப்ளீச் திரவம் ஒரு பங்குக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி, 10 நிமிடம் ஊறவிடுங்கள்.

எப்போது ஓட வேண்டும்?

வளர்ந்த நாய் சுறுசுறுப்பாக இருந்து, ஒருவேளை இளகிப் போனால் பதற வேண்டாம். தண்ணீர் தாராளமாக வையுங்கள். எலும்பில்லாத வெந்த கோழியும் குழைந்த சோறும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துப் பாருங்கள். ஒருநாளில் சரியாகவில்லை என்றால் மருத்துவரிடம் போங்கள்.

குட்டியாக இருந்தாலோ, வாந்தியும் பேதியும் சேர்ந்து வந்தாலோ, ரத்தம் தெரிந்தாலோ, ஈறு வெளிறினாலோ, பின்னங்கால் தள்ளாடினாலோ ‘காலையில் பார்த்துக்கலாம்’ என்று இருக்காதீர்கள். குட்டியின் உடம்பில் இருக்கும் நீரே கொஞ்சம்தான். ஒரு ராத்திரி அதற்கு ரொம்ப நீளம்.

கடைசியாக ஒன்று. குடல் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அது தடுப்பூசிக்கு மாற்று ஆகாது. தயிரும் அரசாணிக்காயும் ரேபிஸைத் தடுக்காது. மூன்றாவது மாதத்தில் ரேபிஸ் ஊசி, பிறகு மருத்துவர் சொல்லும் தேதிகளில் பூஸ்டர். அரசு கால்நடை மருத்துவமனையிலேயே கேட்டுப் போட்டுக்கொள்ளலாம். நாயின் ஊசி அட்டையை இன்றைக்கே எடுத்து, அடுத்த தேதி என்ன என்று பாருங்கள். தேதி தாண்டியிருந்தால், நாளைக் காலை முதல் வேலை அதுவாக இருக்கட்டும்.