நாலு பேர், ஒரு பர்ஸ்

பி.காம். படித்தவனுக்கு ஊரில் தனி மரியாதை உண்டு. வருமான வரி சீசனில் மட்டும்! வருஷம் பூரா என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி போகிறவர்கள்கூட, ரிட்டர்ன் போட வேண்டிய மாதத்தில் கூப்பிட்டு காபி கொடுப்பார்கள்.

போன சீசனில் கூப்பிட்டது எங்கள் தெருக்கோடி கான்வென்ட். பிரான்சிஸ்கன் சபை. இருப்பது நாலே சிஸ்டர்கள். ஒருவர் அரசு உதவி பெறும் பள்ளியில் டீச்சர். ஒருவர் நர்ஸ். சமையலும் தோட்டமும் பார்க்கிற மதர். நாலாமவர் ரிட்டயர்டு டீச்சர், வயது எழுபத்தாறு.

நான் போனபோது நர்ஸ் சிஸ்டர் டவுனுக்குப் போய்விட்டு வந்தார். டிக்கெட்டையும் மீதிச் சில்லறையையும் மேஜையில் வைத்தார். மதர் எண்ணிப் பார்த்து நோட்டில் எழுதிக் கொண்டார். 'பஸ் 24, சோப்பு 38.' சம்பளம், பென்ஷன் எல்லாம் பொதுக் கணக்குக்குப் போய்விடுமாம். நாலு பேருக்கு ஒரு பர்ஸ். எங்கள் வீட்டில் நாலு பேருக்கு அஞ்சு. (அஞ்சாவது அரிசி டப்பாவுக்குள் இருக்கிறது. எனக்குத் தெரியாது என்று என் மனைவி நினைத்துக் கொண்டிருக்கிறாள்!)

அசிசி நகரத்து பிரான்சிஸ் ஜவுளி வியாபாரியின் பிள்ளை. ஆனால் 1223-ல் போப்பாண்டவர் அங்கீகரித்த அவருடைய விதிமுறையில், சகோதரர்கள் காசைக் கையால் வாங்கவே கூடாது என்று இருக்கிறது. அப்படிப்பட்டவர் வழி வந்தவர்களுக்கு பான் கார்டு!

கதை இதுதான். சபைக்கே கொடுத்துவிடுகிற வருமானத்துக்கு வரி இல்லை என்று 1944-லேயே ஒரு சுற்றறிக்கை. 2014-ல் வருமான வரித்துறை 'சம்பளத்தில் பிடியுங்கள்' என்றது. சபைகள் கோர்ட்டுக்குப் போயின. துறவறம் பூண்டவர் சட்டப்படி இறந்தவர் மாதிரி, அவருக்கு ஏது வருமானம் என்று வாதம். 2019-ல் சென்னை ஐகோர்ட் பெஞ்ச் ஒத்துக்கொள்ளவில்லை. 2024 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டும் அப்பீல்களைத் தள்ளிவிட்டது. சம்பளம் யார் பேரில் வருகிறதோ அவர் வருமானம்தான், அப்புறம் யாருக்குக் கொடுத்தால் என்ன? கணக்குப் பிள்ளையான எனக்கு அதில் தப்புத் தெரியவில்லை.

பெரிய சிஸ்டரின் பென்ஷன் பேப்பரைப் பார்த்துக் கொண்டிருந்தேன். மெதுவாகக் கேட்டார்.

"தம்பி, முப்பத்தஞ்சு வருஷ சர்வீஸ்ல நான் மொத்தம் எவ்வளவு சம்பாதிச்சிருப்பேன்?"

"எதுக்கு சிஸ்டர்?"

"எங்கம்மா செத்தப்ப தங்கச்சி கேட்டா, 'டீச்சரா இருக்கியே, அம்மாவுக்கு ஒரு புடவை எடுத்துக் கொடுத்தியா'ன்னு. மதர்கிட்ட கேட்டிருந்தா குடுத்திருப்பாங்க. நான் கேக்கலை. கூச்சம்... அப்புறம் ஒரு வீம்பும்தான். துறந்தாச்சே, எப்படிக் கேக்கறதுன்னு."

கால்குலேட்டரை எடுத்தேன்.

"வேணாம் தம்பி. சொல்லாதீங்க."

மதர் நோட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. ஆனால் பேனா நின்றுவிட்டது.

போன வாரம் பஸ் ஸ்டாண்டில் பெரிய சிஸ்டரைப் பார்த்தேன். கையில் ஜவுளிக்கடைப் பை.

"தங்கச்சிக்கு. மதர்கிட்ட கேட்டுட்டேன் தம்பி!" என்றார், எட்டாவது பாஸான பிள்ளை மாதிரி.

பில்லையும் எடுத்துக் காட்டினார். அதற்குள் மடித்து வைத்திருந்தார், திருப்பிக் கொடுக்க வேண்டிய மீதி பதினெட்டு ரூபாயை.