பேரேடு மாறும் நாள்



தாங்கள் பணம் போட்டிருக்கும் சகரண சங்கத்தில் புதிய கணிப்பொறிக் கணக்கு வரப்போகிறதாம். அதனால் நம் சேமிப்புக்கு ஏதேனும் இடையூறு நேருமோ என்று நம் உறுப்பினர் சிலர் வினவியுள்ளனர். கேள்வி நியாயமானதே. 2022 ஜூன் மாதத்தில், நாடெங்கும் 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்களைக் கணிப்பொறிக்கு மாற்ற 2,516 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை இசைவளித்தது. கேரளத்திலோ 2019 நவம்பரில் 13 மாவட்டக் கூட்டுறவு வங்கிகள் மாநில வங்கியோடு ஒன்றாயின. பெரிய இடத்தில் கணக்கு மாறினால் அதன் அலை பாறசாலை, நெய்யாற்றின்கரைச் சிற்றூர்கள் வரையில் வராமல் போகாது.

கணக்கு மாறுவது நம் எல்லைப்புறத்துக்குப் புதிதன்று. திருவிதாங்கூர் நாளில் இங்கே சக்கரமும் காசும் வழங்கின. 16 காசு ஒரு சக்கரம். 28 சக்கரமும் 8 காசும் சேர்ந்தால் ஒரு பிரிட்டிஷ் ரூபாய். அது வழக்கொழிந்து அணா நிலைபெற்ற சில ஆண்டுகளிலேயே, 1957 ஏப்ரல் 1-ல் நயா பைசா வந்தது. அதற்கான சட்டம் 1955-லேயே இயற்றப்பட்டுவிட்டது. நாள் வந்த பின்னரும் பழைய நாணயமும் புதிய நாணயமும் சில காலம் சேர்ந்தே புழங்கின. ஓரணாவுக்கு 6 நயா பைசா, இரண்டணாவுக்கு 12, மூன்றணாவுக்கு 19, நாலணாவுக்கு 25 என்று மாற்று அட்டவணையும் இருந்தது. நான்கு தடவை ஓரணாவாகக் கொடுத்தால் 24. ஒரே தடவையாக நாலணா கொடுத்தால் 25. அந்த ஒரு பைசா யாருக்குச் சேரும் என்று வழக்காடத்தான் செய்திருப்பார்கள். ஆயினும் விடை அட்டவணையிலேயே இருந்தபடியால் பழி கடைக்காரன் தலையிலோ குமாஸ்தாவின் தலையிலோ விழ இடமில்லை.

வித்தியாசம் வந்தால் யார் பொறுப்பு என்று முன்கூட்டி நியாயமாகத் தீர்மானிக்காமல் கணக்கை மாற்றினால் என்ன நேரும் என்பதற்கு இங்கிலாந்துத் தபால் நிலையங்களின் கதையே சாட்சி. அங்கே 1999 முதல் ஹொரைசன் என்னும் கணக்கு மென்பொருளை ஊர்தோறும் புகுத்தினார்கள். இருப்பில் குறைவு காட்டினால் கிளைத் தபால் அதிகாரியே ஈடுகட்ட வேண்டும் என்பது ஒப்பந்தம். குறைவு காட்டியது, அவர்களும் கைப்பணத்தையும் கடன் வாங்கிய பணத்தையும் கொண்டு ஈடுகட்டினார்கள். இயந்திரம் பிழைபட்டிருக்கலாம் என்பதை மேலிடம் ஒப்புக்கொள்ளவில்லை. 2015 வரையில் தொள்ளாயிரத்துக்கு மேற்பட்டோர் குற்றவாளிகளாகத் தீர்ப்பளிக்கப்பட்டனர். இந்திய வம்சத்தவரான சீமா மிஸ்ரா 2010-ல் கர்ப்பிணியாகவே சிறை சென்றார். அந்த மென்பொருளில் பிழைகள் உண்டு என்று உயர் நீதிமன்றம் 2019 டிசம்பரில்தான் கூறியது. தண்டனைகளை மொத்தமாக நீக்கும் சட்டம் 2024-ல் வந்தது. கிளைக் கணக்குகளை அங்குள்ளோர் அறியாமல் தொலைவிலிருந்தே தொட முடிந்தது என்ற செய்தியும் வெளிவந்தது. அதைப் படித்தபோது என் போன்ற ரயில்வே குமாஸ்தாவுக்கு உறக்கம் வரவில்லை.

காரணம் உண்டு. அட்டைச் சீட்டுக் காலத்தில், அன்றைய முடிவு எண்ணிலிருந்து தொடக்க எண்ணைக் கழித்துக் கட்டணத்தால் பெருக்கினால் வசூல் வந்துவிடும். கவுன்டரில் இருப்பவன் தானே போட்டுப் பார்க்கக் கூடிய கணக்கு அது. இப்போது பொறி ஒரு தொகையைச் சொல்கிறது. பெட்டியில் அது இருந்தாக வேண்டும். நான் பொறியைக் குறை கூறவில்லை. அதன் வேகம் எனக்குப் பிடித்தமானதே. ஆனால் அந்தத் தொகை எப்படி வந்தது என்பதை, வரி வரியாக, கவுன்டரில் அமர்ந்திருப்பவர் கண்ணால் காண வழி இருக்க வேண்டும்.

ஆகவே சங்கத்தின் பொதுக்குழு கூடும்போது நம்மவர் எழுந்து கேட்க வேண்டியவை சில. பழைய பேரேட்டையும் புதிய கணக்கையும் எத்தனை மாதம் அருகருகே எழுதப் போகிறீர்கள்? மூன்று மாதமாவது வேண்டும் என்பது என் கருத்து. வட்டி ஏற்றி முடித்து, ஆண்டுக் கணக்கு அடைத்த மறுநாளில் மாற்றம் நிகழ்வது நல்லது. நடு ஆண்டில் வேண்டாம். வித்தியாசம் கண்டால், விசாரிக்கும் முன்பே எழுத்தரின் சம்பளத்தில் பிடிப்பீர்களா? இக்கேள்விக்கு விடை எழுத்திலேயே கிடைக்க வேண்டும். அந்த எழுத்தர் பெரும்பாலும் நம் ஊர்ப் பெண்ணாகவோ பையனாகவோதான் இருப்பார்.

நம் குடும்பங்களுக்கே உரிய தொல்லை ஒன்றும் உண்டு. நாம் தலைப்பெழுத்தை முன்னே எழுதுகிறோம். இங்குள்ளோர் பின்னே எழுதுகிறார்கள். கே. முருகனும் முருகன் கே.யும் மனிதனுக்கு ஒருவரே, பொறிக்கு இருவர். தமிழில் பள்ளிச் சான்றிதழ், மலையாளத்தில் ரேஷன் அட்டை, ஆங்கிலத்தில் ஆதார் என மூன்று வகையாகப் பெயர் இருந்தால், வைப்பு ஒரு பெயரிலும் கடன் மற்றொரு பெயரிலும் போய் விழக் கூடும். மாற்றத்துக்கு முன்பே ஆதாரில் உள்ள எழுத்துப்படியே பெயரைப் பதியுமாறு மனுக் கொடுங்கள். முந்திய நாள் வரையிலான இருப்பைப் பாஸ் புத்தகத்தில் பதிவு செய்து, கையொப்பமும் முத்திரையும் பெற்று, ஒரு நகல் வீட்டில் வையுங்கள். நாமினியின் பெயரையும் அப்போதே சரிபார்த்துக்கொள்ளுங்கள். திருமணமாகி இனிஷியல் மாறிய பெண்மக்களின் பெயர்கள் பழைய ஏட்டில் பழையபடியேதான் கிடக்கும்.