‘எனக்கின்னா கேடு?’

மாரிக்குப்பத்திலிருந்து காலையில் பெங்களூர் கிளம்பும் ரயிலில் உட்கார இடம் கிடைப்பது குதிரைக் கொம்பு. 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடப்பட்ட பின் கோலார் தங்கவயலில் பல வீடுகளில் அடுப்பெரிவது இந்த ரயிலால்தான்.

ஒருநாள், மூச்சு வாங்க நின்ற முன்னாள் சுரங்கத் தொழிலாளி ஒருவருக்கு ஓர் இளைஞன் எழுந்து இடம் கொடுத்தான். “நீ குந்துப்பா, எனக்கின்னா கேடு?” என்று எரிந்து விழுந்தார். பையன் முகம் சுண்டிவிட்டது. இனி யாருக்காவது எழுந்திருப்பானா என்பது சந்தேகமே.

கனிவைக் கண்டு பயமா? ஆம். பிரிட்டிஷ் உளவியலாளர் பால் கில்பர்ட்டும் சகாக்களும் 2011-ல் இதை மூன்று வகையாக அளந்தார்கள்: பிறரிடம் கனிவு காட்டும் பயம், பிறரிடமிருந்து பெறும் பயம், தன்னிடமே காட்டும் பயம். பின்னிரண்டும் தன்னைத் தானே திட்டிக்கொள்வதோடும் மனச்சோர்வோடும் கைகோத்தே வந்தன.

மூன்று கிலோமீட்டருக்கும் ஆழமான சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் பக்கத்திலிருப்பவனை நம்பித்தான் உயிர். அங்கே உதவி வாங்கக் கூசியதில்லை. மறுநாளே திருப்பித் தரலாம். பாறைத் தூசி நுரையீரலைத் தழும்பாக்கும் சிலிகோசிஸ் குணமாகாது. அது வந்தவனுக்குத் திருப்பித் தர எதுவும் மிஞ்சுவதில்லை. எனவே ‘உட்காருங்க’ என்ற சொல், ‘உன் கதை முடிந்தது’ என்று காதில் விழுகிறது.

பங்காருபேட்டை நெருங்கும்போது இருமல் பிடித்துக்கொண்டது. எதிரே இன்னொரு கிழவர். அவருக்கும் அதே இருமல். ஒன்றும் பேசாமல் நகர்ந்து அரை இடம் விட்டார். இவர் உட்கார்ந்தார்.