வேன் ஏறும் கைக்குழந்தைக்குப் புட்டிப் பால் எதற்கு?

ஆடி பிறந்தால் போதும். ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் பக்கமிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் வேன் வேனாகப் பெரியபாளையம் பவானி அம்மன் கோயிலுக்குக் கிளம்பிவிடுவோம். மொட்டை, காதுகுத்து, பொங்கல், வேப்பஞ்சேலை என்று வீட்டுக்கு ஒரு வேண்டுதல். அடுப்பு, அண்டா, பாய், தண்ணீர் கேன் எல்லாம் ஞாபகமாக வேனில் ஏறும். கைக்குழந்தைக்காரிக்கு மட்டும் ஒரே யோசனைதான்: "வழியில எங்கம்மா பால் கொடுப்பே? புட்டியில கலக்கி எடுத்துக்கோ."

இது சரிதானா, சகோதரிகளே?

சென்ற வருஷ ஆடியில் எங்கள் தெருப் பெண் ஒருத்தி நாத்தனார் பிள்ளையின் மொட்டைக்குப் போனாள். அவள் குழந்தைக்கு நாலு மாதம். காலை 6 மணிக்குக் கலக்கிய பவுடர் பால். மணலி பக்கம் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்க, வேன் நகரவே இல்லை. மாதவரம், செங்குன்றம், காரனோடை தாண்டிக் கோயில் போய்ச் சேரும்போது உச்சி வெயில். அதே புட்டிப் பாலைத்தான் புகட்டினார்கள். மறுநாள் வயிற்றுப்போக்கு, ஆஸ்பத்திரி, டிரிப்ஸ். தாய்க்கோ பால் கட்டிக்கொண்டு நெருப்பாய்க் காய்ச்சல். "கண்ணு பட்டிருக்கு" என்று மிளகாய் சுற்றிப் போட்டார்கள் பெரியவர்கள். எனக்குச் சந்தேகம் அந்தப் புட்டி மேல்தான்!

ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும், தண்ணீர்கூட வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தாய்ப்பாலில் பெரும்பகுதி தண்ணீர்தானே, வெயிலுக்கும் அதுவே போதும். தாய் நிறையத் தண்ணீர் குடித்தால் சரி. பால் பவுடருக்கும் புட்டிக்கும் விளம்பரம் செய்யவே கூடாது என்று 1992-லேயே சட்டம் வந்தாயிற்று. ஆனால் நம் வீட்டுக்குள்ளேயே அத்தையும் சித்தியும் இலவச விளம்பரம் செய்கிறார்களே!

டாக்டர் சொல்லிப் பவுடர் பால் கொடுப்பவர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்கள் கொதித்த தண்ணீரை பிளாஸ்க்கிலும், பவுடரைத் தனியாகவும் கொண்டுபோய், பசிக்கும்போது கலக்கி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆற்றிக் கொடுக்கட்டும். மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். புட்டியைவிட நம் பாலாடையே மேல். ரப்பர் காம்பை ஓடுகிற வேனில் எங்கே சுத்தம் செய்வது?

மற்றவர்களுக்கு வேண்டியது ஒரு ஜன்னலோர சீட்டு, பக்கத்தில் ஒரு பெண் துணை, அவ்வளவுதான். ஆண்கள் டீ குடிக்க, சிகரெட் பிடிக்க வேன் நிற்கிறது. குழந்தை பசிக்குப் பத்து நிமிஷம் நிற்காதா? அந்தப் பத்து நிமிஷம் ஆண்கள் கீழே இறங்கி நின்றால் குறைந்தா போய்விடுவார்கள்? சுடிதார் போடுகிற பெண்கள் தைக்கும்போதே ஜிப் வைத்துத் தரச் சொல்லலாம். எங்கள் அம்மா காலத்தில் காசிமேட்டில் மீன் விற்கிற பெண்கள் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, வியாபாரத்துக்கு நடுவிலேயே பால் கொடுப்பார்களாம். இன்றைக்குச் சொந்தக்காரர் நிறைந்த வேனிலேயே கூசுகிறது நம் பெண்களுக்கு. கூச வேண்டியவர்கள் உற்றுப் பார்க்கிறவர்கள் அல்லவா?

2015-இல் தமிழக அரசு பஸ் நிலையங்களில் பாலூட்டும் அறைகளைத் திறந்தது. பொது இடங்களில் இப்படிப்பட்ட அறைகள் வேண்டும் என்று 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. நல்லதுதான். ஆனால் வேனில் போகிறவர்கள் பஸ் நிலையத்துக்குள் நுழைவதே இல்லையே! திருவிழாவுக்குக் கூட்டம் கூடுகிற கோயில்களில், மொட்டை போடும் இடத்துக்குப் பக்கத்தில் நாலு கீற்றுத் தட்டி மறைப்பு, இரண்டு பெஞ்ச், ஒரு ஃபேன், வாசலில் ஒரு பெண் காவலர். பந்தல் போடுகிறவர்கள் இதையும் சேர்த்துப் போடக் கூடாதா?

– ஒரு வாசகி, திருவொற்றியூர்.